அத்தையின் பெயரில் ஓர் இடைவெளி

அத்தை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள் என்று செய்தி வந்ததும் அப்பா முதலில் செய்த காரியம் கேக்குக்குச் சொல்லிவைத்ததுதான். அவள் சவுதியில் நாங்கள் இருக்கும் அல் கோபாருக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் கேக் கெட்டுப்போகும் என்று அம்மா பரிகாசம் செய்தாள். அப்பா காதில் வாங்கவில்லை. வருடா வருடம் இக்காமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர் அவர். தன் தங்கை ஒரு நாட்டில் யாரையும் கேட்காமல் இருந்துகொள்ளலாம் என்பது அவருக்குத் தானே ஏதோ தேர்வில் தேறியதுபோல இருந்தது.

பேக்கரிக்கு என்னையும் கூட்டிப்போனார். கேக்கின் மேல் எழுதுகிறவர் ஒரு பாகிஸ்தான்காரர். அப்பா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். கனகமலர் ஜெயசிங். இவ்வளவு நீளமான பெயர் சின்ன கேக்கில் அடங்காது பாய், பெரியதாக எடுங்கள் என்றார். அப்பா பெருமையாகச் சரி என்றார். ரோஜாப்பூவும் வேண்டும் என்று நான் சொன்னேன். ஓரத்தில் ஒன்று வைக்கிறேன் மகளே என்றார் அவர்.

அத்தை முன்பு கோபாரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அப்போது அவளுடைய பாஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இருக்கும். லீவில் ஊருக்குப் போக வேண்டுமென்றால்கூட கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். டியூட்டி இல்லாத நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அறையில் படுத்துத் தூங்குவாள். கல்யாணம் ஆனதும் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போனாள். அவள் விசாவில்தான் ஜெயசிங் மாமாவும் போனார். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தது அப்பா. மாமாவின் அண்ணன் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் டெக்னீஷியன். அப்பா சவுதிக்கு வந்த புதிதில் இருவரும் கேம்ப்பில் ஒரே ரூமில் இருந்தவர்கள். அவரை நான் ஜுபைல் மாமா என்பேன். அவர் வந்தால் எனக்கு எப்போதும் ஏதாவது சாக்லேட் இருக்கும்.

அமெரிக்கா மாமாவை எனக்கு அவ்வளவாக நினைவில்லை. வீடியோ காலில் முதலில் வந்துகொண்டிருந்தார், பிறகு வரவில்லை. கேட்டால் டியூட்டி என்பாள் அத்தை. அங்கே டியூட்டி முடியவே முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்மாம் விமான நிலையத்திலிருந்து அத்தை ஒற்றைப் பெட்டியோடு வந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். மாமா எங்கே என்று நான்தான் கேட்டேன். “அவரு அங்க இருக்காரு மக்ளே” என்றாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, லீவு கிடைக்கவில்லையா என்று விசாரித்தார். அவள் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, என்ன வெயில் என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் தன்னுடைய புது பாஸ்போர்ட்டை எனக்குக் காட்டினாள். கரு நீலமாக, புதுப் புத்தக வாசனையோடு இருந்தது. உள்ளே மேல் வரியில் மலர் என்றும் கீழ் வரியில் கனக என்றும் அச்சடித்திருந்தார்கள். எனக்கு ஒரே குழப்பம். கனகமலர் என்பது ஒரே சொல். அதைப் பிய்த்ததும் இல்லாமல் தலைகீழாகவும் போட்டிருக்கிறார்கள். ஜெயசிங் எங்கேயும் காணோம். இப்படி எழுதினால் எங்கள் டீச்சர் மார்க் குறைப்பார், திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அத்தைக்கு ஆலோசனை சொன்னேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

“நாந்தான் இப்படிப் போடச் சொன்னேன்” என்றாள். “அங்க எல்லாருக்கும் ரெண்டு பேரு வேணும். எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையே ரெண்டா ஆக்கிட்டேன்.”

ஏற்கெனவே அவளுக்கு இரண்டு பெயர் இருந்ததே என்று எனக்குத் தோன்றியது. கேட்பதற்குள் அம்மா காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

மத்தியானம் ஜுபைல் மாமா வந்தார். வழக்கமான சாக்லேட் இல்லை. வந்ததிலிருந்து அத்தையின் முகத்தைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார், டிவி அணைந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் அப்பா கேக்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து மூடியை எடுத்தார். வெள்ளை கிரீமின் மேல் நீல எழுத்தில் அத்தையின் முழுப் பெயர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருந்தது. ஜெயசிங்குக்குப் பக்கத்தில் என் ரோஜாப்பூ.

அத்தை அதைப் படித்தாள். பிறகு கத்தியை எடுத்தாள். வெட்டவில்லை. கத்தியின் பின்பக்கத்தால் ஜெயசிங் என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக வழித்து எடுத்தாள். புண்ணைத் துடைக்கும் நர்ஸின் கை அது. ரோஜாப்பூவில் படவே இல்லை. வழித்த கிரீமை டிஷ்யூ பேப்பரில் வைத்து மடித்தாள்.

“என்ன கனகம் பண்ணுத?” என்றார் அப்பா.

“இப்ப இதுதான் அண்ணா எம் பேரு.”

அங்கே பிரஜையாகும்போது பேரை மாற்றிக்கொள்ளலாமாம். காசுகூட வேண்டாம், கேட்டால் போதுமாம். ஜட்ஜுக்கு முன்னால் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தபோது அவளுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. மாமாவைவிட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் அத்தை பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழும். ஜுபைல் மாமாவை வீட்டில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்றார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார். கடைசியில், அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காயம்போல, கேட்டார்.

“சரி, அவன் பேரு வேண்டாம். நம்ம அப்பா பேரையாவது போட்டிருக்கலாமே?”

“அப்பா பேரு உனக்கு இருக்குல்லா. அது போதும்.”

அம்மா என் தோளைப் பிடித்து அடுக்களைக்குள் தள்ளினாள். நான் கதவோரத்திலேயே நின்றுகொண்டேன். எனக்குக் கேக் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் ஜுபைல் மாமா பேசினார். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலை குனிந்தே இருந்தார்.

“அவளை ஒண்ணும் சொல்லாத. அவன் கை நீட்டுவான்னு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும். வீட்டுல எங்கம்மாகிட்டயே நீட்டிருக்கான். கல்யாணம் ஆனா சரியாயிருவான்னு நெனச்சேன். உங்கிட்ட மறைச்சிட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை நீட்டுவது என்ன தப்பு? வகுப்பில் பதில் தெரிந்தவர்கள்தான் கை நீட்டுவார்கள். அத்தையே இப்போதுதான் ஜட்ஜுக்கு முன்னால் கையைத் தூக்கியதாகச் சொன்னாள், அதற்கு நாங்கள் கேக் வாங்கியிருக்கிறோம். மாமாவும் கையைத் தூக்கியிருக்கிறார். அதற்கு மட்டும் ஏன் ஜுபைல் மாமாவின் குரல் இப்படி உடைய வேண்டும்?

அப்பா அத்தையிடம் திரும்பி, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார்.

“சொன்னேன். ரெண்டு தடவ ஃபோன்ல சொன்னேன். நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போன்னு சொன்ன.”

அப்பா அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அந்த நாட்களில் அத்தை ஃபோனை எப்படிப் பிடிப்பாளோ, பாதி முகம்தான் தெரியும். அதைத்தான் அப்பா சரிசெய்யச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லி அப்பாவுக்கு உதவலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவர் எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவைத்தால் என்னைத் திட்டுகிறவர், அன்று அதை மூடவே இல்லை.

ஜுபைல் மாமா போக எழுந்தார். அத்தை அவருக்கு ஒரு துண்டு கேக் வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“எம்மேல கோவம் இருந்தா திட்டிரு பிள்ள” என்றார்.

“கோவந்தான். சாப்பிடுங்க” என்றாள் அத்தை.

அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். எனக்கு ரோஜாப்பூ கிடைத்தது.

அதன்பிறகு நாலைந்து நாள் அத்தை எங்களோடு இருந்தாள். அந்த நாட்களில் வீடு விசித்திரமாக இருந்தது. அம்மாவும் அத்தையும் அடுக்களையில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். நான் உள்ளே போனால் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். “மைனி, உங்களுக்கு அப்பவே தெரியுமா?” என்று அத்தை கேட்டதும், அம்மா இன்னும் வேகமாக வெங்காயம் நறுக்கியதும் மட்டும் என் காதில் விழுந்தது. அப்பா அத்தையிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் வேலைவிட்டு வரும்போது தினமும் அவளுக்குப் பிடித்த எதையாவது வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். ஒருநாள் நெய்மீன். ஒருநாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். யாருக்கு என்று சொல்ல மாட்டார். கடலோரக் கோர்னிஷ் சாலைக்கு எங்களைக் காரில் கூட்டிப்போய், கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபம் என்றால் ஏன் வாங்கித்தருகிறார், கோபம் இல்லையென்றால் ஏன் பேசவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. மீதிக் கேக்கை நான்தான் தின்று தீர்த்தேன்.

கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் பெட்டியை அப்பாவே தூக்கினார். கவுன்டரில் இருந்த சவுதிப் பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, மிஸ் மலர், ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அத்தை உடனே ஆமாம் என்றாள். அப்பா அவன் கையில் விரிந்திருந்த பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளே போகும் இடத்தில் அத்தை என்னை முத்தமிட்டாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்து, போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு என்றார். கேக் வெட்டிய நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான். “பண்ணுதேன் அண்ணா” என்று சொல்லி அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பார்க்கிங்கில் அம்மா முன்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா காரைக் கிளப்பவில்லை. ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தேன். அத்தையின் எண், அதற்கு மேலே கனகமலர் ஜெயசிங் என்று பழைய பெயர். அப்பா பின்னிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தார். ஜெயசிங் போனது. அங்கேயே நிறுத்தினார். விரல் திரைக்கு மேலே நின்றது.

பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

“இதுக்கு நடுவுல ஒரு இடம் விடணும் மக்ளே. எப்படின்னு பாரு.”

நான் கனகவுக்குப் பின்னால் தொட்டு, கீழே இருக்கும் நீளமான பட்டனை ஒருதரம் அழுத்தினேன். மலர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. இவ்வளவுதான்பா என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தபடியே இருந்தார். அம்மா கண்ணைத் திறக்காமல், வண்டியை எடுங்க என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்பா கம்பெனியில் கிளார்க். காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டரில் டைப் அடிப்பதுதான் அவருக்கு வேலை. இந்தச் சின்ன விஷயம்கூட இவருக்குத் தெரியவில்லையே, ஆபீஸில் எப்படிச் சமாளிக்கிறார் என்று வீடு வந்து சேரும்வரை நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.