ஒத்தத் தும்மல்

தம்பி என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "கோச்னு கூப்பிடுங்கக்கா" என்பான். என்னைவிட இளையவன், பிறகு எப்படிக் கூப்பிடுவதாம்? ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பொட்டலில், போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஓட்டமும் தாண்டலும் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கும் போலீஸ் ஆசைதான், உயரம் பத்தவில்லை. அவனிடம் பயிற்சி எடுத்தவர்களில் அதுவரை ஒருத்தரும் தேறியதில்லை. இதை நான் சேர்ந்த பிறகுதான் சொன்னான், பாவி.

எனக்கு ஓட்டம் வரும். நீளம் தாண்டுதலில்தான் போன தடவை வெளியே போனேன். வயது வரம்பு முடிகிறது, இதை விட்டால் காக்கிச்சட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

"கால்ல வேகம் இருக்குக்கா, வெடிப்பு இல்ல. தரைய மிதிச்சா, தரை நம்மளத் தூக்கி எறியணும்" என்பான். பரவை மார்க்கெட்டிலிருந்து தக்காளிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி, நின்ற இடத்திலிருந்தே மேலே தாவச் சொன்னான். முதல் நாள் பெட்டியோடு விழுந்தேன். அப்புறம் பழைய டயரை இடுப்பில் கட்டி ஓடவிட்டான். பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தர், "ஏத்தா, மிச்ச வண்டி எங்க?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டயரோடு அவர் பக்கம் திரும்பினேன். மனுசன் பஸ் வராமலே நடையைக் கட்டிவிட்டார்.

தேர்வு நாளும் வந்தது. மூன்று முறை தாண்டலாம். முதல் முறை பலகைக்கு அந்தப் பக்கம் மிதித்துவிட்டேன், செல்லாது. அடுத்தது விரற்கடை குறைந்தது. மூன்றாவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். மணல் குழிக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், ஊதாமல் ஒரு தும்மல் போட்டார்.

கிளம்பும் நேரத்தில், அதுவும் ஒத்தத் தும்மல்! எங்கள் வீட்டில் இப்படித் தும்மல் விழுந்தால், பஸ்ஸே போனாலும் சரி, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படி இறங்குவோம். கால் தன்னால் மடங்கியது. ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, சுளுக்கா?"

"தும்மிட்டீங்கய்யா."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் என் கட்சி. "ஐயா, இன்னொண்ணு போட்டு ரெட்டையாக்கி விட்ருங்கய்யா, தோசம் போயிரும்" என்றாள் ஒருத்தி. அதிகாரியும் நம்ம பக்கத்து ஆள்தான் போல. தொப்பியை ஏற்றிவிட்டுச் சூரியனைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார், வாயைப் பிளந்தார். வரவில்லை. வேலிக்கு வெளியே என் கோச் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, உடம்பு ஆறிப்போகும்! எந்திரிங்கக்கா!"

"இம்புட்டுப் பயமிருந்தா அடுத்த தேர்வுல பாத்துக்கம்மா" என்றார் அதிகாரி.

"அடுத்ததுக்கு வயசு இல்லைங்கய்யா."

 அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டு எழுந்தேன். விசில் கேட்டது, ஓடினேன், பலகையை மிதித்தது தெரிந்தது. அப்புறம் வாயெல்லாம் மணல். டேப்பை அவரே குனிந்து பார்த்தார்.

"தேறிட்டம்மா."

வேலிக்கு ஓடினேன். என் கோச் கண்ணும் மூக்கும் ஒழுக நின்றான்.

"ஏன்டா அழுகுற? தேறிட்டேன்டா!"

"தெரியுதுக்கா. நீங்க உக்காந்தப்ப ஆரம்பிச்ச அழுகை, நிக்க மாட்டேங்குது."