பெல்ட் இல்லாமல் தைத்த மிஷின்

எங்கள் மகள் காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில். அவளுடைய தையல் மிஷின் ஜன்னலோரம் அப்படியே நின்றது. ஊசிக்கு அடியில் ஒரு பச்சை ஜாக்கெட். அதற்கு ஒரு கைதான் வைத்துத் தைத்திருந்தாள், மறு கை பாக்கி.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். சாமி, சகுனம் எதையும் நம்ப மாட்டார். மகள் போனதில் இருந்து அவள் பேச்சையே எடுக்க மாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"மிஷின் சும்மா நின்னா துருப் புடிச்சுப் போயிரும். ஞாயித்துக்கிழமை ஈரோட்டுக்குக் கொண்டுபோயி என்ற தங்கச்சிக்குக் குடுத்துப்போடலாம்."

கட்டிக் கொண்டுபோகச் சாக்கும் கயிறும்கூட வாங்கி வந்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. படித்தது ஐந்தாவது, எழுத்துக் கூட்டி எழுதுவேன். மகளின் பழைய நோட்டில் ஒரு கதை எழுதினேன். செத்துப்போன மகளின் மிஷின், யாரும் தொடாமல் தினமும் ஒரு சாண் தைக்கிறது. அதைப் பார்த்த அப்பன் கைகூப்பி அழுகிறான். நோட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

படித்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, இந்தாளு என்ன வேல பாக்கறான்?"

"பிட்டருங்க."

"பிட்டரு பாத்த ஒடனே அழுவானா? மொதல்ல பெல்ட்டையில்ல கழட்டுவான்? எந்த மிஷினுன்னாலும் அதுதான் மொத சோலி."

சரியென்று எழுதினேன். அப்பன் பெல்ட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். விடிந்து பார்த்தால் இன்னொரு சாண் தைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி காட்டினேன்.

"இப்ப அந்த அப்பன் நம்புவானுங்களா?"

"எங்க! பொண்டாட்டி கையில தச்சுப்போட்டாள்னு சொல்லுவான்."

"அவளுக்குத் தைக்கவே தெரியாதுங்க."

சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் அன்றுதான் சிரித்தார். "அதும் நெசந்தான். உனக்கு ஒரு பொத்தான் கட்டத் தெரியாது."

"அப்பறம் அவன எப்படித்தானுங்க நம்ப வெக்கிறது?"

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்பறேன்னு வாயில சொல்ல மாட்டான் புள்ள. மிஷின்ல நூல் தீந்துபோச்சுன்னு வெய்யி. ஒரு கண்டு வாங்கியாந்து வெச்சுருவான். அவ்வளவுதான் அவனால ஆகும்."

சனிக்கிழமை ஷிப்ட் விட்டு நேரம் கழித்துத்தான் வந்தார். மிஷினை ஏற்ற வண்டி பேசப் போயிருப்பார் என்று நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சாக்கும் கயிறும் மூலையில் வைத்தது வைத்தபடி கிடந்தன. மிஷின் சக்கரத்தில் புது எண்ணெய் மினுங்கியது. டிராயரை இழுத்தேன். உள்ளே ஒரு பச்சை நூல்கண்டு, உறை பிரிக்காதது. அசல் ஜாக்கெட் நிறம். குனிந்து பார்த்தேன். ஜாக்கெட்டின் உள்மடிப்பில் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தார், கடையில் நிறம் ஒத்துப் பார்க்க.

ஈரோட்டுக்கு நாங்கள் போகவில்லை. நோட்டை எடுத்து, அப்பன் கைகூப்பி அழும் இடத்தை அடித்தேன். அவர் குளிக்கப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர் மொள்ளும் சத்தமே கேட்கவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.