தேன் புட்டியில் போன மூத்திரம்

எனக்குப் படிப்பு ரெண்டாங்கிளாஸ்தான். ஆனால் அரிமளத்தில் கடலை மூட்டை சுமந்தவன் அங்கேயே கடலை மண்டி வைத்தேன் என்றால், அது என் வாயால்தான். தெரியாததைக் கேட்க நான் கூச்சப்பட்டதே இல்லை. திவானே எதிரில் வந்தாலும் கேட்பேன்.

அது சண்டைக்காலம். என் சம்சாரம் முழுகாமல் இருந்தாள். கால் வீக்கம், எந்நேரமும் அசதி. புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காலையில் முதலில் போகிற மூத்திரத்தைப் புட்டியில் பிடித்துக் கொடுத்தனுப்பச் சொன்னார். அதற்கே அவள் வெட்கத்தில் செத்தாள். இருந்தாலும் டாக்டர் கைக்குப் போகிற சாமானாயிற்றே! வீட்டில் இருந்ததிலேயே நல்ல புட்டியாக எடுத்து, துணி சுற்றிக் கொடுத்தாள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பக்கத்து ஆள் கேட்டார், "என்னண்ணே, நெய்யா?"

"நெய்யிதான். விக்கிறதுக்கில்ல."

டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணியை ஊற்றி, மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிட்டார். செங்கல் நிறமாயிற்று.

"ஷுகர் இருக்கய்யா. நிறையவே."

"அப்படின்னா?"

"நீரிழிவு."

என் மாமனார் அந்த வியாதியில் பாதம் அழுகி, காலை எடுத்தும் பிழைக்காமல் போனவர். வேறொருவனாயிருந்தால் அங்கேயே அழுதிருப்பான். நான் விடவில்லை. "நிறத்தை வச்சு எப்பிடிங்க சொல்றீங்க?" என்றேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்குமாம். கொஞ்சம் இருந்தால் பச்சை, ஏற ஏற மஞ்சள், அப்புறம் செங்கல்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். "எங்கய்யா மாதிரி எனக்கும் காலை எடுப்பாகளா?" என்று அதையே கேட்டாள். தேற்றத் தெரியாமல், டாக்டர் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அழுகையை நிறுத்தினாள்.

"ஏங்க, தேனு பட்டாலும் அந்தத் தண்ணி நெறம் மாறுமா?"

"தேனுக்கு இங்கிட்டு என்ன வேலை?"

"அது மருந்துக்கு வச்சிருந்த தேன் புட்டிங்க. வடிச்சுட்டுத்தான் பிடிச்சேன். கழுவல. தேனு சுத்தந்தானே?"

நான் மட்டும் அந்த நிறக் கணக்கைக் கேட்டு வராமலிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

மறுநாள் அவளையே கூட்டிப்போனேன். டாக்டர் சிரித்தார். "பாவி மனுஷா, தேனுக்கா வைத்தியம் பாக்கச் சொன்னே?" அவரே ஒரு புட்டியைக் கொடுத்துப் பிடித்துவரச் சொன்னார். இந்தத் தடவை கொதித்த பிறகும் நீலம் நீலமாகவே நின்றது. இன்னொரு குழாயில் மூத்திரத்தை மட்டும் சுடவைத்தார். முட்டை வெள்ளை மாதிரி திரிந்தால் ஆல்புமின், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்றார். திரியவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி. அதுக்குப் பேரு அனீமியா" என்று இரும்புச்சத்து மருந்து எழுதினார்.

எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள். "எங்கய்யாவுக்கு முந்தியே இப்பிடிப் பாத்திருந்தா, கால் தப்பியிருக்குமாங்க?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தப்பியிருக்கலாம்மா" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள், "வார வெள்ளிக்கிழமை எந்தம்பியக் கூட்டியாந்து அவனுக்கும் சக்கரை இருக்கான்னு பாத்துருவோம்" என்றாள். சரி என்றேன்.