ஆக்கினைக்கு நான் போட்ட இத்தாலியச் சொல்

நான் நாள் தவறாமல் திகதி போட்டு எழுதுகிறவன். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த முதல் வாரத்தில் வாங்கிய கொப்பியில் தொடங்கிய பழக்கம். இப்போது பதினொன்றாவது கொப்பி. எந்த நாளில் எந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தேன், எந்த நாளில் நாப்போலிக் கப்பல் பிந்தி வந்தது, பல்லரோ சந்தையில் எங்கள் ஆட்களின் கடை எந்தக் கிழமை இடம் மாறியது என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஆட்களுக்குள் ஏதாவது தகராறு என்றால், "கொப்பிக்காரனைக் கேளுங்கோ" என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒன்பதாவது கொப்பியில் ஒரு திங்கட்கிழமைப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நடந்ததைக் கேட்டவர்களுக்கு நான் பொய் சொன்னேன்.

அதற்கு முந்திய ஒக்டோபரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வேலை செய்கிறவர்களுக்காகப் பின்னேர வகுப்புகள் நடக்கும். சமையல் இருந்தது, கணக்கியல் இருந்தது. நான் எடுத்தது இதழியலும் டிஜிட்டல் ஊடகமும். காலையில் துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியில் கட்டில் விரிப்புகள் மாற்றுவேன். செவ்வாயும் வியாழனும் நான்கு மணிக்கு வகுப்பு. பதினான்கு பேரில் நான்தான் வயது கூடியவன், நான் ஒருவன்தான் தமிழன். மற்றவர்கள் கைபேசியில் விரலாலேயே யோசிப்பவர்கள். எனக்கு வெட்டவும் ஒட்டவும் நேரம் எடுக்கும். ஆனால் எழுத்து வேலையில் என்னை யாரும் வெல்ல முடியவில்லை. தெருவில் அல்ல, வாசித்து நான் கற்றது புத்தக இத்தாலியன். வகுப்பு ஆசிரியை, முன்பு வானொலியில் வேலை செய்தவர், என் வசனங்களை உரக்க வாசித்துக் காட்டுவார்.

இரண்டாவது ஒப்படைக்குத் தலைப்பு 'வேலை'. இரண்டு நிமிடக் காணொளி, இத்தாலிய உபதலைப்புகளோடு. நல்லதைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் போடுவார்கள்.

அக்காவிடம் போனேன். சொந்த அக்கா இல்லை. மன்னாரிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசை. ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், நாங்கள் சிஞ்ஞோரா என்பவரின், வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். அந்த வருடம் நீண்டகால வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க இருந்தார். அது கிடைத்துவிட்டால் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவென்று அடிக்கடி குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் நிற்க வேண்டியதில்லை. அதற்கு வேலை ஒப்பந்தம் தொடர்ந்து இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். படிவங்களை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

"முகம் வரக்கூடாது" என்றார். "குரலும் கையும் மட்டும் எண்டால் ஓம்."

பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அந்தச் சமையலறையில் பதிவு செய்தேன். சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழங்கள் வந்திருந்த காலம். அக்கா ஒரு பழத்தை உரித்து, சுளையில் ஒட்டிய வெள்ளை நாரை ஒவ்வொன்றாக நகத்தால் இழுத்துக்கொண்டிருந்தார். நார் இருந்தால் சிஞ்ஞோரா வாயைத் திறக்க மாட்டாராம். நான் கைகளைப் படம் பிடித்தேன். பின்னால் நீலப் பூப் போட்ட சுவர் ஓடுகள். மைக்கை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன்.

"தம்பி, நீரும் ஒரு ஆக்கினைதான். இவ்வளவு நேரத்துக்கு நான் ஒரு கூடை உரிச்சிருப்பன்."

"அக்கா, இரைச்சல் கேக்குது. ஃபிரிட்ஜை நிப்பாட்டலாமோ?"

"நிப்பாட்டிப் பால் புளிச்சால் மனுசிக்கு வேறை வாங்கித் தாறது ஆர், நீரோ?"

அப்போது பக்கத்து அறையிலிருந்து சிஞ்ஞோரா கூப்பிட்டார். "எங்கே போய்விட்டாய், கமுர்ரியா?"

கமுர்ரியா இந்த ஊர்ச் சொல், தொல்லை என்பதுபோல. ஒழுகுகிற குழாயைச் சொல்வார்கள், அலுவலக வரிசையைச் சொல்வார்கள், விடாமல் நச்சரிக்கிற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் சொல்வார்கள். சந்தையில் ஒரு காலையில் இருபது தரம் காதில் விழும். அக்கா எழும்பிப் போய், தலையணையைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீரே? என்னைக் கமுர்ரியா எண்டுதான் கூப்பிடும். பேர் சொல்லுறதே இல்லை." பிறகு நான் கேட்காமலே, ஒலிவாங்கியை மறந்து, சொன்னார்: "மனுசி சரியான ஆக்கினை. ஒரு நாளைக்கு நாப்பது தரம் கூப்பிடும். கூப்பிடாட்டில் எனக்குப் பயம் பிடிச்சிடும். ஓடிப்போய் மூச்சு வருதோ எண்டு பார்ப்பன்."

ஆக்கினை. எங்கள் வீடுகளில் பிள்ளையைத் திட்டும் சொல். திட்டிக்கொண்டே சோறு ஊட்டும் சொல். அதே சொல் செபப் புத்தகத்தில் நரகத்தோடு சேர்ந்து வரும். அகராதியைத் திறந்தால் கட்டளை, தண்டனை, வேதனை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து உபதலைப்பு எழுதினேன். எப்போதும் முதலில் கொப்பியில் எழுதித்தான் கணினியில் ஏற்றுவேன். 'ஆக்கினை' என்று எழுதி, எதிரே எந்த யோசனையும் இல்லாமல் 'கமுர்ரியா' என்று எழுதினேன். சரியாகப் பொருந்தியது. ஒரே அடுக்களையில் இரண்டு பேர் இரண்டு மொழியில் ஒருவரையொருவர் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அதுதான் உண்மையில் அந்தக் காணொளி.

பிறகு அதை வெட்டினேன். அது தெருச் சொல். புத்தக இத்தாலியன் எழுதுகிறவன் என்ற என் பெயருக்கு ஒத்துவராது. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. முதல் ஐந்து விநாடியில் பார்ப்பவனைப் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். கமுர்ரியா யாரையும் பிடித்து வைக்காது. மேலே 'தொர்த்தூரா' என்று எழுதினேன். சித்திரவதை. காணொளிக்குத் தலைப்பாகவும் அதையே வைத்தேன்: 'ஒரு நாளைக்கு நாற்பது தரம் சித்திரவதை'. வெட்டிய கோடு நேர்கோடு. அளவுகோல் வைத்து வெட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை வகுப்பில் ஏற்றினோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள்; அடுத்த நாள் பார்த்தால் அது பலரின் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கையையும் மணி போட்டுக் கொப்பியில் குறித்தேன். மகிழ்ச்சியோடுதான் குறித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது, துறைமுகத்தில் சுமை இறக்கும் நண்பர் ஒருவர் வந்து தோளில் தட்டினார்.

"என்ன, பத்திரிகையாளர் ஐயா. அக்கான்ர மனுசியைச் சித்திரவதைக்காரி ஆக்கிப்போட்டீர்."

"சொல்லு கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"கொஞ்சமோ? என்ர சின்னவள் வாசிச்சுப்போட்டுக் கேக்கிறாள், அப்பா, அந்த அன்ரியை அந்த வீட்டில அடிக்கிறவையோ எண்டு. நாங்கள் ஆக்கினை எண்டா சிரிக்கிறம். அதுகளுக்கு உந்த எழுத்துத்தானே தெரியும். மாத்திவிடும் ஐசே."

"செவ்வாய் மார்க்ஸ் போடுவினம். அதுக்குப் பிறகு மாத்துறன்."

"அக்காவுக்கு அதுக்குள்ளை ஏதும் கரைச்சல் வந்தால்?"

"ரெண்டு நாளில என்ன வரப்போகுது?" என்றேன். அக்கா அன்று பூசைக்கு வரவில்லை. சிஞ்ஞோராவுக்குத் தடிமன் என்று யாரோ சொன்னார்கள். அவரை அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அழைக்கவில்லை.

செவ்வாய் வகுப்பில் என் காணொளியைத்தான் முதலில் போட்டார்கள். ஆசிரியை அந்த வரியில் நிறுத்தி, "இந்தத் துணிச்சல்தான் வேண்டும்" என்றார். அதிக புள்ளி எனக்கே. அன்றே மாற்றியிருக்கலாம். தலைப்பை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும், வியாழன் செய்யலாம் என்று விட்டேன்.

புதன்கிழமை காலை சிஞ்ஞோராவின் மகள் கைபேசியோடு வந்தார். முகம் இல்லாவிட்டால் என்ன, தான் வளர்ந்த வீட்டின் நீலப் பூ ஓடுகள் அவருக்குத் தெரியாதா? அந்த அடுக்களையிலேயே காணொளியை ஓடவிட்டாராம். மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன் என்ற வரிகூட, சித்திரவதைக்குப் பின்னால் வரும்போது, எப்போது சாவாள் என்று பார்த்திருப்பதாகப் பட்டிருக்கிறது. "என் அம்மா உனக்குச் சித்திரவதை என்றால், நீ இங்கே இருக்க வேண்டாம்" என்றிருக்கிறார். அக்காவுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. பத்து மணிக்கு, நான் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரம், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் அப்படிச் சொல்லேல்லை எல்லே?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் அப்படி எழுதிக் கிடக்கு?"

"அகராதியில பார்த்துப் போட்டது. பிழைச்சுப்போச்சு."

பொய் அப்படித்தான் தொடங்கியது. அகராதியை நான் பார்த்திருந்தேன் என்பது உண்மை. அதனால்தான் சொல்ல அவ்வளவு சுலபமாக இருந்தது.

வியாழன் காணொளியை இறக்கி, சொல்லையும் தலைப்பையும் மாற்றி, கீழே ஒரு வரித் திருத்தக் குறிப்போடு மீண்டும் ஏற்றினேன். அதை யாரும் எவருக்கும் அனுப்பவில்லை. வெள்ளி பின்னேரம் சிஞ்ஞோராவின் மகளிடம் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். ஆக்கினை என்ற சொல்லை விளக்கினேன். சரியான இத்தாலியச் சொல் எது என்று கேட்டார்.

"கமுர்ரியா" என்றேன்.

அவர் முகம் மாறியது. சிரிப்பு வந்து, வந்த வழியே போனது. "அம்மா அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்" என்றார். "அதை எழுதியிருந்தால் நான் அம்மாவுக்கே போட்டுக் காட்டியிருப்பேன். ஏன் எழுதவில்லை?"

"எனக்கு அந்தச் சொல் வரவில்லை, சிஞ்ஞோரா. தெரியாமல் நடந்தது."

அவர் கதவுப் பிடியில் கை வைத்தார். கட்டடம் முழுவதும் பார்த்துவிட்டது, அண்ணனும் அண்ணியும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள், வேறு பெண்ணுக்குச் சொல்லியாயிற்று, திங்கள் வருகிறாள் என்றார். நான் அந்த வாசலில் உண்மையைச் சொல்லியிருந்தால் அது மாறியிருக்குமா என்று தெரியாது. என் தலையில் பழி விழுந்திருந்தால் அக்காவின் தலையிலிருந்து கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை அக்கா இரண்டு பைகளோடு வெளியே வந்தார். பைகளைத் தூக்கிக்கொண்டு பல்லரோவுக்குப் பின்னால் ஓர் அறைக்கு நடந்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். நீண்டகால அட்டை விண்ணப்பம் நின்றுபோனது. குவெஸ்தூராவில் வேலை தேடுகிறவருக்கான ஒரு வருடப் பெர்மெஸ்ஸோ கொடுத்தார்கள். அந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். "நீர் தெரியாமல் செய்தது தானே" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகும் பல தரம் சொன்னார். நான் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டினேன்.

வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். அது கொப்பிகளுக்கு அடியில் கிடக்கிறது.

இந்த வருடம் பிந்திய மண்டரின்கள் சந்தைக்கு வந்ததும் ஒரு பை வாங்கிக்கொண்டு, ஒன்பதாவது கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. அக்கா இப்போது நான்கு கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறார். என்னைக் கண்டதும், "வாரும், வாரும், இண்டைக்கும் மைக்கோ?" என்று பகிடி விட்டார். பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"அங்கை இப்ப நிக்கிற பிள்ளையைச் சந்தையில கண்டனான்" என்றார். "மனுசி அவளையும் கமுர்ரியா எண்டுதான் கூப்பிடுதாம். அவள் போய் நிண்டால், நீ இல்லை, மற்றவளை வரச்சொல் எண்டுதாம்."

நான் கொப்பியைத் திறந்து திங்கட்கிழமைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். கமுர்ரியா ஊர்ச் சொல் என்பதால் அதைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தேன். கோட்டுக்கு அடியிலும் தெளிவாகத் தெரிந்தது. அவர் கையைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"இது எப்ப எழுதினது?"

"திங்கள். ஏத்துறதுக்கு மூண்டு நாள் முந்தி."

"அப்ப தெரியும்."

"ஓம் அக்கா. தெரிஞ்சுதான் வெட்டினனான். மற்றது நல்லா எடுபடும் எண்டு நினைச்சன்."

 அவர் திரும்பப் பழத்தை எடுத்தார். வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுத்து, சுளைகளைத் தட்டில் வட்டமாக அடுக்கினார். யாருக்காக அப்படி உரிக்கிறோம் என்று நடுவில் நினைவு வந்திருக்க வேண்டும், கை நின்றது. நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை. அவர் என்னை ஆக்கினை என்று திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்காகவே போயிருந்தேன் போலும்.

கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"சரி. நீங்கள் போங்கோ" என்றார். "எனக்கு நாலு மணிக்கு வேலை."

இத்தனை வருடமும் தம்பி என்ற உரிமையோடு என்னை நீர் என்று அழைத்தவர். படியிறங்கி வீதிக்கு வந்த பிறகுதான் அந்த 'நீங்கள்' எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து திகதி போட்டு அதையும் எழுதினேன். இந்தத் தரம் எதையும் வெட்டவில்லை.