கஸ்பார் வளைவில் நிற்கும் லாரிகள்

மோனிஷா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், லாரி ஓட்டுகிறாள் என்றுதான் சொல்வேன். நிஜ லாரியை அவள் தொட்டதுகூட இல்லை. தருமபுரியில் டயர் கடைக்கு மேலே மாதேஷ் அண்ணன் நடத்திய வீடியோ கேம் கம்பெனியில், மேசைமேல் ஸ்டியரிங், காலடியில் பெடல், எதிரே திரையில் தொப்பூர் மலைப்பாதை. கேமில் எங்கே தப்பு இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பாறைகளை வரைந்தவள் நான் என்பதால் தினமும் திட்டு எனக்குத்தான்.

"உன் பாறைக்குள்ள லாரி நுழைஞ்சு வருது சுபா. உள்ளார ஒரு வூடே கட்டலாம்."

நாங்கள் இருவரும் தொப்பூர். அவள் அப்பா கஸ்பார் லாரி டிரைவர். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு வளைவில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்கால பஸ் அந்த இடத்தை நெருங்கினால் மோனிஷா எந்தப் பேச்சையும் பாதியில் விட்டுவிட்டு, சிலுவை போட்டு, 'அருள் நிறைந்த மரியே' சொல்வாள். பஸ் நிற்காது. ஜெபம் முடிவதற்குள் வளைவு போய்விடும்.

கேமில் ஸ்டியரிங் அவள் கையில் அல்லவா. அந்த வளைவு வந்தால் லாரியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்து, ஜெபத்தை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கிளப்புவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கஸ்பார் வளைவு என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம்.

பிறகு பெங்களூர் கம்பெனி ஒன்று எங்களை வாங்கியது. லட்டு கொடுத்தார்கள். நல்ல லட்டுதான், குறை சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எல்லோரும் டப்பா திறந்து பகிர்ந்து தின்ற மேசை போய் அங்கே கண்ணாடி அறை வந்தது. மாதேஷ் அண்ணன் அதற்குள் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்தார். கொஞ்ச நாளில், ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டாம் என்றார்கள். மோனிஷாவும் மற்றவர்களும் ஓட்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டதாம், இனி அதுவே ஓட்டுமாம். மோனிஷா வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா ராயம்மாள் வீங்கிய முழங்காலோடு மறுபடியும் கூலிக்குச் சாமந்தி பறிக்கப் போனார்.

அடுத்த வாரம் காலையில் நான்தான் முதலில் வந்தேன். நாற்காலிகள் காலி. திரைகளில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேசையில் ஸ்டியரிங்குகள் தாமாகவே திரும்பின. மோனிஷா இடத்து லாரி அந்த வளைவுக்கு வந்தது. மெதுவாகி, ஓரங்கட்டி, விளக்கை அணைத்தது.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் பஸ்ஸில் கேட்டுக் கேட்டு அந்த ஜெபம் மனப்பாடம். மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'ஆமென்' வந்ததும் விளக்கு எரிந்தது. லாரி கிளம்பிப் போனது.

மற்ற லாரிகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கேம் வெளியே போன பிறகு, விளையாடுகிறவர்களின் திரையிலும் வளைவில் வரிசையாக இருட்டில் நின்றன. அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பெங்களூர்க்காரர்கள் தலைகீழாக நின்றும் சரிசெய்ய முடியவில்லை. மோனிஷாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"அந்த எடத்துல நிக்காம ஓட்டும்மா. கம்ப்யூட்டர் அதப் பாத்து மாத்திக்கும். வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்க" என்றார் மாதேஷ் அண்ணன்.

"அது எங்கப்பா எடம்ணா. வேற யாராச்சும் ஓட்டுனா ஆவாதா?"

"ஓட்டிப் பாத்துட்டோம். அது உன்னையத்தான் பாக்குது."

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மோனிஷா நாற்காலியைப் பெடலுக்கு நேராக இழுத்துப் போட்டாள். "அம்மாவுக்கு இப்பல்லாம் கீழ குந்தவே முடியல சுபா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மறுபடி. மறுபடி. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மத்தியானத்துக்குமேல் கால் போகவில்லை, உதட்டையும் கடிக்கவில்லை. மற்ற திரைகளிலும் லாரிகள் ஒவ்வொன்றாக நிற்பதை விட்டன. கடைசியாக ஒன்று மட்டும் ஓரங்கட்டி, விளக்கை அணைத்து, உடனே போட்டுக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பாவிகள்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நாளையிலிருந்து அம்மாவைத் தோட்டத்துக்கு விடமாட்டேன், முழங்காலைச் சேலத்தில் காட்ட வேண்டும் என்று மோனிஷா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். வளைவு வந்தது. நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வளைவு போய்விட்டது. சொல்லலாமா என்று நான் நினைப்பதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது.

"தொப்பூர் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

மோனிஷா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் சுபா, வளைவு இன்னும் வரலையே?"