மீன்கடை இங்கிலிஸ்

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அத்தான் எங்கள் டுசல்டோர்ஃப் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் தகரத்தோடு வருவார். மூடியில் சிவப்பு பஸ்ஸும் மணிக்கூட்டுக் கோபுரமும் இருக்கும். அந்தப் படம் எங்கள் பக்கம் பார்த்திருக்கும்படி மேசையின் நடுவில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். பிறகு மூன்று கிழமைக்கு எங்களுக்கு லண்டன் பாடம் நடக்கும். லண்டனில் ரயில் இப்படி ஓடாது, லண்டனில் டொக்டர்மார் இப்படிக் கதைக்கமாட்டார்கள், ஜெர்மன் என்பது ஒரு பாஷையா. பிஸ்கட் மான்செஸ்டர் விமான நிலையத்தில் வாங்கியது. அத்தான் லண்டனில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் மரியாதையாக எழுது என்கிறார் என் கணவர். மனுசன் வருத்தக்காரராம், நோயாளியாம். வருத்தம் வந்தவுடன் ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பது முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்த எனக்குத் தெரியும்.

அக்காவும் அத்தானும் எங்களுக்கு முன்பே அகதிகளாக ஜெர்மனிக்கு வந்தவர்கள். இங்கே குடியுரிமை கிடைத்த கையோடு, பிள்ளைகள் இங்கிலிஸில் படிக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்குப் பெயர்ந்தார்கள். அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் அப்படிப் போயின. லண்டனுக்குப் போகிறோம் என்றுதான் அத்தான் கோயிலில் ஆள் ஆளாகச் சொல்லி விடைபெற்றார். லண்டனில் ஒன்றும் வாய்க்கவில்லை. மான்செஸ்டருக்கும் வடக்கே, லங்காஷயரில், மூடிப்போன பஞ்சாலைகளும் ஓயாத மழையுமாய்க் கிடந்த ஒரு சின்ன ஊரில், பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடையொன்று கிடைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்தில் பேர்போன கல்லூரியில் இங்கிலிஸ் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவர் அத்தான். அந்தப் பரிசைப் பற்றிக் கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அப்பேர்ப்பட்டவர் கடையின் முன்மேசையில் ஒரு கிழமை நின்றார். வந்தவர்கள் பேசியது ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. மன்னிக்கவும், திருப்பிச் சொல்லுங்கள் என்று இலக்கண சுத்தமாக ஒவ்வொருவரிடமும் மூன்று தரம் கேட்டார். வரிசை வாசலுக்கு வெளியே மழையில் நின்றது. இரண்டாம் கிழமை அவர் பின்னறைக்குப் போய் உருளைக்கிழங்கு வெட்டும் மெஷினோடு இருந்துகொண்டார். எங்களிடம் அதற்கு அவர் வைத்த பெயர் நிர்வாகம்.

முன்மேசைக்கு அக்கா வந்தாள். காலை வணக்கம் சொல்வதற்கு மேல் அவளுக்கு இங்கிலிஸ் தெரியாது. தெரியாததே வசதியாகப் போயிற்று. பழைய மில் தொழிலாளப் பெண்கள் என்ன சொன்னார்களோ அதுதான் இங்கிலிஸ் என்று எடுத்துக்கொண்டாள். ஆமாம் என்பதற்கு எங்களுக்கு ‘ஓம்’, அவர்களுக்கு ‘ஆய்’. ஒன்றுமில்லை என்பது ‘நவ்ட்’. பேக்கரியில் சுடும் வட்டப் பாண் ‘பார்ம்’. அதை இரண்டாகப் பிளந்து, நடுவில் பொரித்த கிழங்கை அடைத்து, மேலே இறைச்சிக் குழம்பு ஊற்றித் தின்பார்கள். பக்கத்தில் மசிய அவித்த பட்டாணி. யாரைப் பார்த்தாலும், பல்லுப்போன கிழவனாய் இருந்தாலும், ‘லவ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ‘மைதர்’ என்று ஒரு சொல் இருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். “ஒராளை ஓயாமல் நச்சரிக்கிறதை எங்கடை ஆக்கள் அரியண்டம் குடுக்கிறதெண்டு சொல்லுறமே, அப்படியே அதுதான்.” அவள் குரலில் இருந்த சந்தோசம் எனக்கு நினைவிருக்கிறது. சமையல் வேலையில் நின்ற நான் சரி சரி என்றுவிட்டு வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடமாட்டாள். நாள் முழுக்க மீன் பொரிக்கிறவள் மத்தியானம் வெறும் பாணைத் தின்கிறாள் என்பதைக் கண்டுபிடித்த ஒரு கத்தோலிக்கக் கிழவி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிறைய வெண்ணெயும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாளாம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத தங்கள் சனத்துக்கென்றே அந்த ஊரில் உண்டான பை அது. அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அது வந்தது. பிள்ளைப்பேறு, மரணம், மகனோடு கோபம் எல்லாம் அந்த மேசையில்தான் அக்காவிடம் சொல்லப்பட்டன. பின்னறையில் அத்தான் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

அவளுடைய பேச்சை அவர் ‘மீன்கடை இங்கிலிஸ்’ என்பார். டுசல்டோர்ஃபுக்கு வந்தால், பேசி மானத்தை வாங்காதே என்று அவளுக்குக் கட்டளை. இதே மனிதரிடம் ஒருமுறை சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு இளம் என்ஜினியர், நீங்கள் பேசுவது மலையாளமா என்று கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தத் தமிழ் என்று அத்தான் இரண்டு கிழமை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஒரு நிமிசமாவது அவருக்குத் தன் மனைவி நினைவு வந்திருக்குமா என்றால், இல்லை.

என் மகள் பெரியபிள்ளையானதும் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்திருந்தோம். என் கணவரின் வேலையிடத்திலிருந்து ஆங்கிலேயர் ஒருவர் வந்திருந்தார். அவரைக் கண்டதும் அத்தான் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தார். பாராளுமன்றம், அரச குடும்பம் என்று அவர் பேசப் பேச அந்த மனிதர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழும்பினார். தண்ணீர் கொடுத்தது அக்கா. பழக்கதோசத்தில் ‘லவ்’ என்றுவிட்டாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசை ஓரத்தில் கதைத்தார்கள். தன் நாட்டு வடக்கின் பேச்சைச் சேலை கட்டிய ஒரு மனுசியின் வாயில் கேட்பது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அக்கா கைகளை ஆட்டிப் பேசியதை அன்றுதான் கண்டேன்.

நன்றியுரை சொல்ல அத்தானிடம் மைக்கைக் கொடுத்திருந்தோம். எல்லோருக்கும் நன்றி சொன்னவர், கடைசியில் என் மனைவியின் இங்கிலிஸைக் கேட்டீர்களா என்று தொடங்கினார். அவளைப்போல இழுத்து, மூக்கால் பேசி, கைகளை ஆட்டிக் காட்டினார். மீன் நாற்றம் உடுப்பில் மட்டும் இல்லை, நாக்கிலும் ஏறிவிட்டது என்றார். மண்டபம் சிரித்தது. ஆங்கிலேயர் மட்டும் ஒன்றும் விளங்காமல் எங்களைச் சுற்றிப் பார்த்தார். அக்கா கையில் பாயச வாளியோடு நின்றாள். சிரித்த முகத்தை மாற்றாமல் அடுத்த கோப்பைக்கு ஊற்றினாள்.

அடுத்த கோடைக்கு அவள் வரவில்லை. கடையை விட ஏலாது என்று அத்தான் சொன்னார்.

அதற்குப் பின் ஒரு மாரியில் அத்தானுக்கு வாதம் அடித்தது. வலது கை விழுந்துவிட்டது. செய்தி கேட்டதும் நான் பறந்து போனேன். அந்த ஊரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அதுவரை யார் வருகிறோம் என்றாலும் வீடு திருத்துகிறோம் என்று அவர் தடுத்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாட்டில் மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னார்கள். மத்தியானம் தாதி வந்து, ‘டின்னர்’ என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். டின்னருக்கு இன்னும் நேரமாகவில்லை என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். வெறும் தட்டு முன்னால் கிடக்கிறது. சரி, ‘டீ’க்கு என்ன வேண்டும் என்றதற்கு, பாலும் இரண்டு கரண்டி சீனியும் என்றிருக்கிறார். ஞாபகம் தடுமாறுகிறது என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தாதியிடம் அவர்களுடைய பேச்சிலேயே விளங்கப்படுத்தினாள். இந்த மனுசனுக்கு மூளையில் ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாடு டின்னர், பின்னேரச் சாப்பாடு டீ என்பது இத்தனை வருடமாகியும் இவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தாதியும் சிரித்தாள், பக்கத்துக் கட்டில் கிழவரும் சிரித்தார். எழுதியதை அடித்தார்கள். அன்றிலிருந்து அக்கா கட்டிலருகே நின்று, தாதிமார் பேசும் இங்கிலிஸை இலக்கணப் பரிசு வாங்கியவருக்குத் தமிழில் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வாய் திறந்து, பத்துப் பேருக்கு முன்னால் தன்னை மடையனாக்கிவிட்டாள் என்று என்னிடம் முறையிட்டார்.

அந்த நாட்களில் கடையை அக்காவும் வேலைக்கு நின்ற பெண்ணும் நடத்தினார்கள். நானும் பின்னால் நின்று கிழங்கு கழுவினேன். வந்தவர்கள் எல்லோரும் அத்தானைப் பற்றி விசாரித்தார்கள். ஆனால் ஒருவருக்கும் அவருடைய முகம் சரியாக நினைவில்லை. கடை பூட்டிய பிறகு, எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், மண்டபத்தில் அன்று அத்தான் செய்தது பெரிய பிழை என்றேன். எத்தனையோ வருடம் கழித்து, அவ்வளவையும் அவர் தலையில் போட்டுவிடப் பார்த்தேன்.

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. “அந்தாள் அப்பிடித்தான், தெரிஞ்ச விசயம். அண்டைக்கு நான் உன்னைத்தான் பார்த்தனான். நீ வாயைப் பொத்திப் பொத்திச் சிரிச்சனி.”

ஆம், சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அத்தானை நான் இகழ்வதில் பாதி, அவருடைய பகிடி எனக்கும் பிடித்திருந்தது என்பதால்தான்.

வாட்டிலிருந்து வந்ததும் அவர் தீர்மானத்தை அறிவித்தார். கடையைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஜெர்மனிக்குத் திரும்புவது. இந்தக் காட்டுச் சனத்தோடு இனி இருக்க ஏலாது. அக்கா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தான்வரை போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

“நீங்கள் போங்கோ. நான் வரேல்லை. இஞ்சை எனக்குக் கதைக்க ஆக்கள் இருக்கினம்.”

நம்பாமல் இரண்டு மாதம் இருந்து பார்த்தார். பிறகு வந்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பிடம் தள்ளி ஒரு அறையில் இருக்கிறார். வலது கை பாதி திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கறியில் உறைப்புக் காணாது என்பார். மனைவி லண்டனில் வியாபாரத்தைப் பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், புதிதாகச் சந்தித்த ஒரு குடும்பத்திடம் அதே கதையைத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். லண்டன் இல்லை, லங்காஷயர் என்றேன். மீன் பொரிக்கிற கடை, அக்காதான் நடத்துகிறாள், அத்தான் பின்னால் கிழங்கு வெட்டினவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தக் குடும்பம் தங்கள் தட்டுகளைப் பார்த்தது. அத்தான் இடக்கையால் மேல்கோட்டை மாட்ட முயன்றார். கோட்டின் கை பிடிபடவில்லை. நான் எழும்பிப் பிடித்துவிடவில்லை.

அடுத்தநாளே அக்காவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கடையில் நின்றாள், பின்னால் எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது.

“கோட்டை ஆர் போட்டுவிட்டது?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

“நல்லாச் செய்தாய் பிள்ளை. அண்டைக்கு மண்டபத்திலை மாதிரி அங்கையும் சனம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும்.” அவள் குரலில் கோபம் இல்லை. “சரி வைக்கிறன், வரிசை நிக்குது.”

போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மேசைக்கு அப்பால் ஒரு ஆண்குரல் என்னவோ சொல்லிற்று. அக்கா திருப்பிச் சொன்னாள், கடை முழுக்கச் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேரும் சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.