கழற்றாத பெல்ட்

என் தம்பி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி, இரண்டு பழைய சட்டை, ஒரு செவலை நாய். பெட்டியும் சட்டையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. கல்யாணமாகி எங்கள் மலைக்குள்ளேயே அடுத்த ஊருக்கு நான் வந்தபோது அவனையும் கையோடு கூட்டி வந்தேன். ஊருக்கெல்லாம் நான் சிடுமூஞ்சி. என் வாய்க்குப் பயந்து பக்கத்துக் காட்டுக்காரர்கள் வரப்பில் மாடு கட்டுவதில்லை. அவன் ஒருவன்தான் என்னிடம் பயப்படாமல் வளர்ந்தவன். நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவான். அக்கா பொய் சொல்வாள் என்கிற நினைப்பே அவனுக்குக் கிடையாது. என் வாழ்க்கையில் நான் சம்பாதித்தது என்று சொன்னால் அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

நாயை அவன்தான் எடுத்து வந்தான். யாரோ சாக்கில் கட்டி ரோட்டு வளைவில் போட்டுவிட்டுப் போன குட்டி அது. அவன் வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே மூன்று வளைவு தூரம் ஓடியிருக்கிறது. பாதியில் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். வேலைக்குப் போகிற லட்சணத்தைப் பார் என்று திட்டினேன். மறுநாள் அதற்கு ஒரு பெல்ட் மாட்டிப் பலா மரத்தில் கட்டிப்போட்ட பிறகுதான் அவனால் பஸ் ஏற முடிந்தது. கட்டிப்போடுவதற்காகவே நாமக்கல்லில் வாங்கிய பெல்ட் அது. பட்டையான நைலான், இரும்பு கொக்கி, நல்ல கெட்டி.

ஒரு மாதம் கழித்து வீடியோ காலில் அந்தப் பெல்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏனுங்கக்கா, அவுத்துத்தானே உட்டிருக்கீங்க, பெல்ட்டு எதுக்குங்க?"

"கெடக்கட்டும், அதுக்கென்ன இப்ப?"

"வேண்டாங்கக்கா. இங்க எங்க கம்பெனி வாட்ச்மேன் நாய்க்கு பெல்ட்டு கேட்டுக் கம்பில மாட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் ஆகியிருந்தா போயிருக்குமுங்க. கட்டறப்ப மட்டும் போடுங்க. போட்டாலும் ரெண்டு வெரல் உள்ள போற மாதிரி லூசா போடுங்க. அவுத்து உட்டா கழுத்துல ஒன்னும் இருக்கக் கூடாதுங்க."

சரி கண்ணு என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டும் கம்பியும் உள்ள டவுனுக்கு அது சரி, எங்கள் காட்டில் எந்தக் கேட் இருக்கிறது என்று நினைத்தேன். அதோடு அந்தச் சமயத்தில் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பெல்ட் இல்லாத நாயை எல்லாம் வண்டி வந்து பிடித்துப் போகப்போகிறதாம். வண்டியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் பயந்துவிட்டேன். தம்பி திரும்பி வரும்போது நாய் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதெல்லாம் நான் சொல்லிக்கொள்கிற காரணம். உண்மையில் சோம்பல்தான். எங்கள் மூடுபனியில் கொக்கி துருப்பிடித்து, தினமும் கழற்றி மாட்ட விரல் நோகும். மழைக்காலத்தில் பெல்ட் நனைந்து நனைந்து கழுத்து புண்ணாகிவிட்டது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, பெல்ட் இல்லாமல் மூன்று நாள் விட்டுவைத்தேன். ஆறியதும் மறுபடி மாட்டினேன். கட்டியிருக்கும்போது குரங்கைக் கண்டால் தலையைப் பின்னுக்கு இழுத்து பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடுகிறது என்று ஓர் ஓட்டை இறுக்கியும் மாட்டினேன். மிளகுத் தோட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அதில் ஓர் ஆட்டு மணியையும் கோர்த்துவிட்டேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு வேறு.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். எங்கள் ஊரில் வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஏறுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன். வெறும் கழுத்தோடு நாயைக் காட்டுவேன். அது போனில் அவன் குரலைக் கேட்டு போனுக்குப் பின்பக்கம் போய்த் தேடும். அவன் சிரிப்பான். இறங்கி வந்ததும் மாட்டிவிடுவேன். ஒருமுறை கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து வளையமாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான். ராத்திரி கட்டுகிறேனே, அதனால்தான் என்றேன். அப்படிங்களா என்று விட்டுவிட்டான். விட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

மாசி மாதம். மிளகு பறிப்பு. எங்கள் பக்கம் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுக்களில் கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்போம், அந்தக் கட்டைதான் படி. ஒவ்வொரு கட்டையும் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். பறித்த வரைக்கும் அடையாளமாக, சாப்பிடப் போகும்போது ஏணியை மிளகுக்கொடி ஏறிய மரத்திலேயே சாய்த்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கும் நானும் வீட்டுக்காரரும் அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தோம். நாய் மரத்தடியிலேயே நின்றது. மேலே அணில்.

சோற்றில் கை வைத்ததும் மணிச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டுக் கேட்கிற சத்தம் அல்ல, ஒரே உலுக்கல்.

"என்ன, மணி உடாம அடிக்குது?" என்றார் அவர்.

"அணிலத் தொரத்திட்டுக் கெடக்கும். நீங்க உண்ணுங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பறிக்க இன்னும் எட்டு மரம் கிடக்கிறது, இந்த நாய்க்கு வேறு பவுசா என்று சிடுசிடுத்தேன். உட்கார்ந்துவிட்டார். குரைத்திருந்தால் போயிருப்பேன். குரைக்கவே இல்லை. மணி மட்டும் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அப்பாடா, அடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த மோரின் புளிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

போய்ப் பார்த்தபோது இடுப்பு உயரத்தில் இருந்த கட்டையில் பெல்ட் மாட்டியிருந்தது. முன்காலைத் தூக்கி மரத்தில் வைத்து எட்டிப் பார்த்திருக்கிறது. இறங்கும்போது கட்டை பெல்ட்டுக்குள் நுழைந்துவிட்டது. பின்கால் விரல்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. அந்த இடத்தில் மண்ணைச் சுரண்டிப் பள்ளமே ஆகியிருந்தது. இரண்டு விரல் இடம் விட்டிருந்தால் தலையாவது உருவிக்கொண்டு வந்திருக்கும். கொக்கியைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. துரு. வீட்டுக்காரர் அரிவாளால் பெல்ட்டை அறுத்தார். என் மடியில்தான் விழுந்தது. உடம்பில் சூடு இருந்தது. நான் நெஞ்சைத் தேய்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், காதில் கூப்பிட்டேன். அவ்வளவு நேரமும் திட்டிய வாயால் கூப்பிட்டேன்.

பலா மரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தோம்.

"தம்பிகிட்ட உள்ளதச் சொல்லிரு" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாறையில் ஏறினேன். பாம்பு கடித்துவிட்டது என்றேன். அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"நீங்க அழுவாதீங்கக்கா. பாம்புக்கு நாம என்னங்க பண்ண முடியும்? நீங்க அதைய எவ்வளவு நல்லா வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு போட்டு வந்தான். பலா மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து, அந்தப் பெல்ட்டைக் கொடுங்கள், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றான். எங்கேயோ போட்டுவிட்டேன் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போய்ச் சாக்குக்கு அடியில் இருந்து எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். நான் ஒளித்து வைத்தது என்று தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

மணி அதிலேயே இருந்தது. கொக்கி போட்டபடி இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் அறுபட்டிருந்தது. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாம்பு கடிச்ச நாய்க்கு பெல்ட்ட எதுக்குங்கக்கா அறுத்தீங்க?"

சண்டை போடுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். இன்னொரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அதையும் நம்பியிருப்பான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. பாறைக்கு ஏறும்போது கழற்றியதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, கட்டை, இறுக்கிப் போட்ட ஓட்டை, எல்லாம்.

அவன் பெருவிரலால் மணியைப் பிடித்திருந்தான், அது ஆடாதபடிக்கு.

"சத்தம் கேக்கலீங்களா அக்கா?"

"கேட்டுச்சு சாமி. சோறு தின்னுட்டு இருந்தேன்."

அவன் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி, அழுது, ஓய்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் தீரும். அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மலையில் எந்த வீட்டில் பெல்ட்டோடு அவிழ்த்துவிட்ட நாயைப் பார்த்தாலும் நான் நிறுத்திச் சண்டை போடுகிறேன். பைத்தியம் என்கிறார்கள், சொல்லட்டும். தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருப்பதில்லை. மிளகு என்ன விலை, மழை உண்டா, மாமா கால் வலி எப்படி இருக்கிறது என்று எல்லாம் கேட்கிறான். போன வருஷம் ஒரு குட்டி வாங்கியிருக்கிறான். கருப்பு, காது மடிந்தது. திருப்பூரில் அவன் இருக்கிற ரூமில் நாய் வைக்க விடமாட்டார்கள். அதனால் மலையடிவாரத்தில் காரவள்ளியில் அவன் கூட்டாளி ஒருத்தன் வீட்டில் விட்டிருக்கிறான். ஊருக்கு வரும்போது முதலில் அங்கே இறங்கி ஒரு நாள் அதோடு இருந்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க மேலே வருகிறான்.

ஒரு தடவை நான்தான் கேட்டேன், குட்டியை இங்கேயே கொண்டுவந்து விடலாமே என்று.

"மேல குளுரு ஜாஸ்திங்கக்கா, அதுக்கு ஒத்துக்காதுங்க" என்றான்.

என் தம்பி என்னிடம் சொன்ன முதல் பொய் அது. ஆமாம் கண்ணு, ஒத்துக்காதுதான் என்றேன்.